நிலக்கரி வாயுவில் ஓடும் டர்பைனில் நாக்ஸைக் குறைப்பது எப்படி

சுடரைக் குளிரவைக்க எரிப்பறைக்குள் நீராவியைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள், புகைபோக்கியில் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) எண் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறதா? வால்வை அப்படியே விட்டுவிட்டு, வருவது எந்த நாக்ஸ் என்று முதலில் பாருங்கள். நிலக்கரியை வாயுவாக்கி எரிக்கும் டர்பைனில் நைட்ரஜன் ஆக்சைடு இரண்டு வழியில் பிறக்கிறது, ஒன்றுக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

ஒன்று வெப்பத்தால் வருவது. சுடர் சுமார் 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேரத் தொடங்கி, அதற்குமேல் சூடு ஏற ஏற எகிறும். நிலக்கரி வாயுவில் எரிகிற பகுதி பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும்தான், இரண்டின் சுடரும் மீத்தேன் சுடரைவிடச் சூடானது. இன்னொன்று எரிபொருளுக்குள்ளேயே ஒளிந்து வருவது: நிலக்கரியில் இருந்த நைட்ரஜன் வாயுவாக்கும்போது அம்மோனியாவாகவும் கொஞ்சம் ஹைட்ரஜன் சயனைடாகவும் மாறி, எரிப்பறையில் நைட்ரிக் ஆக்சைடாகிறது. இதற்கு அவ்வளவு சூடெல்லாம் தேவையில்லை.

பிரித்தறிய எளிய வழி உண்டு. சுமையை மாற்றாமல் நீராவியை ஒரு படி கூட்டிப் பாருங்கள். எண் நன்றாக இறங்கினால் வெப்ப நாக்ஸ், அசையாமல் நின்றால் எரிபொருள் நாக்ஸ். எண்ணை 15 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும்: உலர் வாயுவில் அளந்ததை 5.9ஆல் பெருக்கி, 20.9இலிருந்து அளந்த ஆக்சிஜனைக் கழித்து வருவதால் வகுத்தால் போதும். 13 சதவீத ஆக்சிஜனில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) என்றால் கணக்குக்கு 15 பிபிஎம்தான்.

எரிபொருள் நாக்ஸ் என்றால் வேலை எரிப்பறைக்கு வெளியே. அம்மோனியா தண்ணீரில் ஆசையாகக் கரையும், அதனால் வாயுவைக் குளிரவைத்துக் கழுவும் ஆலைகளில் ஸ்க்ரப்பரே (வாயுவை நீரால் கழுவும் கருவி) முக்கால்வாசி பிரச்சினையைத் தீர்த்துவிடும். ஆனால் கழுவிய நீரிலிருந்து அம்மோனியாவை எடுக்காமல் அதே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் அது எதையும் வாங்காது (இதைப் பார்க்காமல் பர்னரைக் கழற்றுகிறவர்கள் உண்டு). ஹைட்ரஜன் சயனைடு அவ்வளவு சுலபமாகக் கரையாது. கார்பனைல் சல்பைடு என்ற கந்தகச் சேர்மத்துக்காக வைக்கும் நீராற்பகுப்பு வினையூக்கி அதையும் அம்மோனியாவாக்கிவிடும், பிறகு கழுவலாம். தோராயக் கணக்கு சொல்கிறேன்: ஆக்சிஜனில் வாயுவாக்கிய எரிபொருளில் 100 பிபிஎம் அம்மோனியா இருந்து பாதி மாறினாலும் புகையில் 6, 7 பிபிஎம்தான். கழுவாமல் 1000 போனால் அதுவே 65 ஆகும்.

சூடாகவே வாயுவைச் சுத்தம் செய்கிற ஆலையில் அம்மோனியா அப்படியே வந்துசேரும். அங்கே எரிப்பறையை இரண்டு கட்டமாக்குவதே வழி. முதல் கட்டத்தில் காற்றைக் குறைத்து வைத்தால், ஆக்சிஜன் கிடைக்காத அம்மோனியா பெரும்பாலும் நைட்ரஜனாகவே திரும்பிவிடும். அப்புறம் மீதிக் காற்றைச் சட்டென்று கலக்க வேண்டும், மெதுவாகக் கலந்தால் நடுவழியில் சுடர் சூடேறி, விரட்டிய நாக்ஸ் வேறு வாசலால் வந்துவிடும்.

வெப்ப நாக்ஸுக்கு, எரிபொருளை நீர்க்கச் செய்து சுடரைக் குளிரவைப்பதுதான் நம்பகமான வழி. அமெரிக்காவில் புளோரிடாவின் போல்க் நிலையம் காற்றுப் பிரிப்பு ஆலையில் மிஞ்சும் நைட்ரஜனைப் பயன்படுத்தியது, இந்தியானாவின் வாபாஷ் ரிவர் நிலையம் நீராவியை. கையில் நைட்ரஜன் இருந்தால் என் ஓட்டு அதற்குத்தான், அதை அழுத்தும் கம்ப்ரஸருக்கு மின்சாரம் கொஞ்சம் போகும், அவ்வளவே. நீராவி அதிகமானால் பிளேடுகளுக்கு வெப்பம் கூடுதலாகக் கடக்கும், எரிப்பு வெப்பநிலையைக் குறைக்க வேண்டிவரும். எதுவானாலும் படிப்படியாகக் கூட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு எண் நிமிரத் தொடங்கினால் சுடர் அணையப் பார்க்கிறது என்று அர்த்தம், அங்கே நிறுத்திவிடுங்கள். டர்பைன் வழியே போகும் வாயுவின் அளவு கூடுவதால் டர்பைனின் காற்றுக் கம்ப்ரஸர் சர்ஜ் எல்லையை (காற்று பின்னோக்கிப் பாயத் தொடங்கும் எல்லை) நெருங்கும், அதையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இயற்கை எரிவாயுவுக்குச் செய்த முன்கலப்பு பர்னரை (எரியும் முன்பே எரிபொருளையும் காற்றையும் கலப்பது) அப்படியே மாட்டிவிடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். ஹைட்ரஜன் சுடர் மீத்தேனைவிடப் பல மடங்கு வேகமானது, பின்னோக்கி ஓடிவந்து பர்னர் முனையையே உருக்கிவிடும்.

இதற்குப் பிறகும் வரம்புக்குள் வரவில்லை என்றால்தான் நாக்ஸை நைட்ரஜனாக்கப் புகைப்பாதையில் வினையூக்கியும் அம்மோனியா தெளிப்பும். அது பொதுவாக 300 முதல் 400 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும். ஆனால் எரிபொருளில் கந்தகம் மிச்சமிருந்தால், அதிலிருந்து வரும் சல்பர் ட்ரையாக்சைடும் மிஞ்சிய அம்மோனியாவும் சேர்ந்து அம்மோனியம் பைசல்பேட்டாகி, டர்பைன் புகையின் சூட்டில் ஓடும் கொதிகலனின் குளிர்ந்த முனைக் குழாய்களில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். ஆகவே வினையூக்கிக்கு ஆர்டர் போடும் முன்பே கந்தக நீக்கத்தை இறுக்குங்கள், இல்லாவிட்டால் டர்பைனை நிறுத்திவைத்துக் குழாய் கழுவிக்கொண்டிருப்பீர்கள்.