நள்ளிரவில் அலறிய கேஸ் அலாரம்

அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் எங்கள் ஆர்வியை (வீடு போல வசதியுள்ள பயண வண்டி) நிறுத்தி, கரண்ட் இணைப்பு இல்லாமல் தங்கியிருந்தோம். தினமும் நள்ளிரவுக்கு மேல் புரொபேன் அலாரம், அதாவது வண்டியின் சிலிண்டர் கேஸ் கசிந்தால் எச்சரிக்கும் கருவி, அலறும். கதவைத் திறந்து நாய்களோடு வெளியேறி, சிலிண்டரை மூடி, காற்றாட விட்டால் அடங்கிவிடும்.

இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன், ஒரு குமிழிகூட இல்லை. பேட்டரி வோல்டேஜ் இறங்கினாலும் அலாரம் கத்தும் என்பார்கள், ஆனால் மீட்டரில் 12.6 வோல்ட், முழு சார்ஜ் இருந்தது. அலாரத்தின் பின்புறம் காலாவதித் தேதி தாண்டியிருந்ததால் புதிதும் மாட்டினேன். பலனில்லை. சிலிண்டரை மாலையிலேயே மூடிய இரவிலும் அலறியபோதுதான் கசிவு இல்லை என்று உறுதியானது.

புரொபேன் காற்றைவிடக் கனம், அதனால் அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்துவார்கள். அதற்கு நேர் எதிரே பெரிய நாயின் படுக்கை. நாய் விடும் வாயுவை அலாரத்தின் சென்சார் புரொபேன் என்றே எடுத்துக்கொள்கிறது! பயணத்தில் தீனி மாற்றியது வேறு.

படுக்கையை எதிர்மூலைக்கு நகர்த்தினேன், பழைய தீனிக்குத் திரும்பினேன். அன்றோடு சத்தம் நின்றது. அலாரத்தை மேலே மாற்றவோ துணியால் மூடவோ கூடாது. நகர வேண்டியது படுக்கைதான்.