கேர்னல் கொன்ஃபிக்கை ஷெல் ஸ்கிரிப்டால் அமைப்பது எப்படி

தோட்டப் பாடசாலையின் கணினி அறைக்குப் பத்துப் பழைய லேப்டாப்கள் வந்திருக்கின்றன, எல்லாம் 4 ஜிபி ரேம், லினக்ஸ் கேர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) இலேசாக்கி ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மெனுகொன்ஃபிக்கை (கேர்னல் தெரிவுகளை மெனுவில் மாற்றும் திரையை) திறந்து பத்துத் தடவை தெரிவு செய்தால், அடுத்த பதிப்பு வரும்போது எதை ஏன் மாற்றினோம் என்று யாருக்கும் தெரியாது. மாற்றங்களை மட்டும் ஒரு சிறு கோப்பில் எழுதுங்கள். அதை எடுத்துப் போடுவதும் சரிபார்ப்பதும் ஸ்கிரிப்டின் வேலை. (கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியுள்ளோம், டேர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.)

முதலில் அடிப்படைக் கோப்பு. ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலின் கொன்ஃபிக் (அதன் தெரிவுகளின் பட்டியல்) 'பூட்' அடைவில் இருக்கும். அதை மூலநிரல் அடைவுக்குள் '.கொன்ஃபிக்' என்ற பெயரில் பிரதி செய்து, 'மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்' ஓட்டுங்கள். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மொடியூல்களை (டிரைவர் போல, தேவைப்படும்போது ஏறும் கேர்னல் பகுதிகளை) மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் இது கழித்துவிடும். ஆகவே ஓட்டுமுன் டொங்கிள், பிரின்டர், பென் டிரைவ் அத்தனையையும் செருகுங்கள். பென் டிரைவைத் திறந்தே வையுங்கள். செருகினால் மட்டும் அதன் கோப்பு முறைமை மொடியூல் ஏறாது. லைன் வராத, டொங்கிளை நம்பியே இணையம் ஓடும் மலைப்பக்கத்தில் இதை மறந்தால் பெரிய சிக்கல்: புதிய கேர்னல் நன்றாக எழும்பும், இணையம் வராது, விடுபட்டதைத் தேடி இறக்கவும் வழியிருக்காது.

அடுத்து இரண்டு துண்டுக் கோப்புகள்: எல்லா மெசினுக்கும் பொதுவான ஒன்று, அந்தந்த மொடலுக்கு ஒன்று. ஒரு தெரிவை அணைப்பதற்கான வரி '#' என்று தொடங்கி 'இஸ் நொட் செட்' என்று முடியும். பார்க்கக் குறிப்புரை போல இருக்கும், ஆனால் குறிப்புரை அல்ல. 'செட்' (sed, கோப்பின் வரிகளைத் திருத்தும் கட்டளை) கொண்டு அந்த வரியை அழித்தால் தெரிவு அணையாது. கேர்னலின் இயல்பு மதிப்பு வந்து உட்காரும், அது 'வை' (இயங்கு) ஆகவும் இருக்கலாம்.

ஸ்கிரிப்டின் முதல் வரிக்குக் கீழே 'செட் -இயூ' (set -eu) போடுங்கள். பிழை வந்த இடத்திலேயே நிற்கும். பிறகு 'ஸ்கிரிப்ட்ஸ்/கேகொன்ஃபிக்/மெர்ஜ்_கொன்ஃபிக்.எஸ்எச்' ஐ '-எம்' உடன் அழைத்து, .கொன்ஃபிக், பொதுத் துண்டு, மொடல் துண்டு என்ற வரிசையில் கொடுங்கள். ஒரே தெரிவு இரண்டிலும் இருந்தால் கடைசியில் வருவதே நிற்கும். அதன்பின் 'மேக் ஓல்ட்டெஃப்கொன்ஃபிக்'. விடுபட்ட தெரிவுகளுக்கு இது இயல்பு மதிப்பைப் போடும்.

பலர் இத்தோடு நிறுத்துகிறார்கள். உண்மையில் கவனமாயிருக்க வேண்டிய இடம் இதுதான். சார்ந்திருக்கும் தெரிவு இல்லாவிட்டால், நீங்கள் கேட்டதை ஓல்ட்டெஃப்கொன்ஃபிக் சத்தமில்லாமல் நீக்கிவிடும். எதிர்ப்பக்கமும் நடக்கும். கேர்னல் 5.18 முதல் 'டீபக்_இன்ஃபோ' (பிழை தேட உதவும் தகவலைச் சேர்க்கும் தெரிவு) வேறு தெரிவால் தானாக இயங்கும் ஒன்று; அதை நேரே அணைத்தால் அடுத்த நொடியே திரும்பி வரும். 'கொன்ஃபிக்_டீபக்_இன்ஃபோ_நன்=வை' என்று எழுதினால்தான் போகும். போகாவிட்டால் டிஸ்க்கில் பல ஜிபி வீணாகும்.

அதனால் துண்டுக் கோப்பின் ஒவ்வொரு வரியையும் லூப்பில் படித்து, இறுதி .கொன்ஃபிக்கில் 'கிரெப் -எஃப்எக்ஸ்கியூ' (-Fxq, எஃப் மட்டும் பெரிய எழுத்து) கொண்டு தேடுங்கள். 'எக்ஸ்' முழு வரியும் பொருந்த வேண்டும் என்பதற்கு; அது இல்லாமல் 'கொன்ஃபிக்_என்ஆர்_சிபியூஸ்=4' என்று தேடினால் 48 உம் பொருந்திவிடும். அணைத்த தெரிவுகளை மட்டும் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். தாய்த் தெரிவு அணைந்திருந்தால் 'இஸ் நொட் செட்' வரியே இருக்காது. ஆகவே அந்தத் தெரிவு '=வை' அல்லது '=எம்' (மொடியூலாக) என்று எங்கும் இல்லை என்பதை உறுதிசெய்தால் போதும்.

உபுண்டுவின் கொன்ஃபிக்கை எடுத்திருந்தால், 'கனோனிக்கல்-சேர்ட்ஸ்.பெம்' இல்லை என்று கொம்பைல் பாதியில் நிற்கும். அந்தச் சான்றிதழ் கோப்பு உபுண்டுவின் மூலநிரலில்தான் உண்டு. 'ஸ்கிரிப்ட்ஸ்/கொன்ஃபிக் --செட்-எஸ்டிஆர்' கொண்டு 'சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்', 'சிஸ்டம்_ரெவொகேஷன்_கீஸ்' இரண்டுக்கும் வெற்று மதிப்புக் கொடுங்கள். எண்ணுக்கு '--செட்-வால்', எழுத்துக்கு '--செட்-எஸ்டிஆர்'. மேற்கோள் குறியைப் பின்னதுதான் தானே போடும். இந்தக் கருவி சார்புகளைப் பார்க்காது, ஆகவே இதையும் ஓல்ட்டெஃப்கொன்ஃபிக்கிற்கு முன்பே ஓட்டுங்கள்.

ஸ்கிரிப்டை விண்டோஸில் திருத்தினால் வரி முடிவில் ஒட்டும் எழுத்தால் 'பேட் இன்டர்பிரெட்டர்' என்று வரும். 'டொஸ்2யுனிக்ஸ்' ஓட்டினால் தீரும். மூலநிரலைப் பென் டிரைவில் விரிக்கவே வேண்டாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்தால் மட்டும் வேறுபடும் கோப்புகள் கேர்னலில் உண்டு. பென் டிரைவுகளில் வழக்கமாக இருக்கும் ஃபாட் கோப்பு முறைமையில் ஒன்று மற்றதை அழித்துவிடும்.

4 ஜிபி ரேமுக்கு 'மேக் -ஜே2' போதும். மழைக்காலத்தில் கொம்பைல் நடுவே கரண்ட் போய், பேட்டரியும் கைவிட்டால், சில '.ஓ' கோப்புகள் (கொம்பைலின் இடைநிலைக் கோப்புகள்) 0 பைட்டாக நின்றுவிடலாம். நேரம் புதிதாக இருப்பதால் மேக் அவற்றை முடிந்த வேலை என்றே எடுத்துக்கொள்ளும், கடைசியில் இணைக்கும்போது பிழை வரும். மறுபடி தொடங்குமுன் 'ஃபைண்ட்' கொண்டு வெற்று '.ஓ' கோப்புகளை மட்டும் நீக்குங்கள். 'மேக் கிளீன்' போட்டு முழுவதையும் இழக்க வேண்டியதில்லை. புதிய கேர்னலில் டொங்கிளும் பிரின்டரும் வேலை செய்வதைப் பார்க்கும்வரை பழைய கேர்னலை கிரப் மெனுவிலிருந்து (கணினி எழும்பும்போது கேர்னலைத் தெரிவு செய்யும் பட்டியலிலிருந்து) எடுக்காதீர்கள்.