மியூனிக்கில் குடியேறும் இளம் தம்பதிக்கு: முதலில் தபால் பெட்டியில் பெயரை ஒட்டுங்கள்

ஜெர்மனியில் முக்கியமானதெல்லாம் இன்னும் தபாலில்தான் வருகிறது. வங்கி அட்டை ஒரு கவரில் வரும், அதன் ரகசிய எண் சில நாள் கழித்து வேறொரு கவரில் வரும். வரி எண்ணும் காப்பீட்டு அட்டையும் அப்படித்தான். இங்குள்ள அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. பெட்டியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுவே முகவரி. பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும், உங்களுக்குத் தகவல்கூட வராது. சாவி வாங்கிய அன்றே, சூட்கேஸைப் பிரிக்கும் முன், தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் இருவர் பெயரையும் ஒட்டிவிடுங்கள். தற்காலிக வீடாக இருந்தாலும், வேறொருவர் வீட்டில் ஓர் அறையில் தங்கினாலும் இதே விதிதான்.

எந்தப் பெயரை ஒட்டுவது என்பதில்தான் தமிழர்களுக்குச் சிக்கல் தொடங்குகிறது. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அதில் ஒற்றை இனிஷியல் நிற்கும். இங்குள்ள படிவங்களோ அந்தக் கட்டம் நிரம்பாமல் நகராது. ஓர் அலுவலகம் முழுப் பெயரையும் அதில் போடும், இன்னொன்று அப்பா பெயரை மட்டும் போடும். கடைசியில் வங்கியில் ஒருவராகவும் காப்பீட்டில் இன்னொருவராகவும் இருப்பீர்கள். இதை ஊரிலேயே சரிசெய்வது எளிது: விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இனிஷியலை விரித்து, இரண்டு கட்டங்களும் நிரம்பிய பாஸ்போர்ட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். கணவனுக்கும் மனைவிக்கும் குடும்பப் பெயர் வெவ்வேறாக இருந்தால் இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். உறவைக் காட்டுவது திருமணச் சான்றிதழ். தமிழ்நாட்டில் திருமணமானவர்கள் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுசெய்த சான்றிதழைக் கொண்டுவர வேண்டும், கோயில் ரசீது உதவாது. அதிலுள்ள எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டோடு ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

வீடு

வந்த வாரத்திலேயே நிரந்தர வீடு கிடைக்கும் என்று நம்பாதீர்கள். முதல் இரண்டு மூன்று மாதத்துக்குச் சாமான்களோடு கூடிய தற்காலிக வீடு எடுத்துவிட்டு, இங்கே இருந்துகொண்டு தேடுவதே நடைமுறை. பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி: 'இந்த முகவரியில் ஆன்மெல்டுங் செய்யலாமா?' ஆன்மெல்டுங் என்பது நகராட்சியில் செய்யும் குடியிருப்புப் பதிவு. இல்லை என்று பதில் வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம், ஏனென்றால் மற்ற எல்லாமே இந்தப் பதிவுக்குப் பிறகுதான்.

விளம்பரத்தில் இரண்டு வாடகை இருக்கும். கால்ட்மீட்டே வெறும் வாடகை. வார்ம்மீட்டே என்பது தண்ணீர், குப்பை, படிக்கட்டுச் சுத்தம், பெரும்பாலும் ஹீட்டிங் ஆகியவற்றுக்கான முன்பணமும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் வழக்கமாக இரண்டிலும் சேராது. அந்த முன்பணத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு வரும், கூடுதலாகச் செலவழித்திருந்தால் கட்ட வேண்டும். ஹீட்டரைத் திறந்தே வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கடிதம் கசக்கும். அட்வான்ஸுக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு: மூன்று மாத கால்ட்மீட்டே. கால்ட்மீட்டே 1,400 யூரோ என்றால் 4,200க்கு மேல் கேட்க முடியாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு நீங்கள் கமிஷன் தர வேண்டியதில்லை. 2015 முதல் அமர்த்தியவரே தர வேண்டும்.

'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று சொல்பவர் மோசடிக்காரர். விதிவிலக்கு கிடையாது.

வீடு பார்க்க இருவரும் சேர்ந்து போங்கள். வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் நகல், நீங்கள் யார் என்று ஜெர்மனில் ஒரு பக்கக் கடிதம், இவையெல்லாம் ஒரே கோப்பாகத் தயாராக இருக்கட்டும். ஷூஃபா என்ற கடன் நம்பகச் சான்று கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு அதில் பதிவே இருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட்டு, நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

சமையலறை இருக்கிறதா என்று கேளுங்கள். வேடிக்கையில்லை. பல வாடகை வீடுகளில் சமையலறை என்பது குழாயும் நாலு சுவரும் மட்டுமே, அடுப்பும் தொட்டியும் அலமாரியும் போகிறவரோடு போய்விடும். முந்தைய குடித்தனக்காரர் விட்டுச் செல்ல விரும்பினால் அதற்கொரு விலை பேசுவார், பேரம் பேசலாம். சாவி வாங்கும்போது ஒவ்வொரு கீறலையும் ஒப்படைப்புத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மின் மீட்டரின் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எதுவும் போடாவிட்டாலும் மின்சாரம் வரும், ஆனால் அது அடிப்படைத் திட்டம், பெரும்பாலும் விலை கூடுதல். இரண்டு வார முன்னறிவிப்பில் வேறு நிறுவனத்துக்கு மாறலாம்.

பதிவும் வரியும்

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பூர்கர்ப்யூரோ என்ற நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டும் திருமணச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். அவற்றோடு, நீங்கள் குடிவந்ததை வீட்டுக்காரர் உறுதிசெய்து கையெழுத்திட்ட தாளும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது, பலர் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். முன்பதிவு நேரம் கிடைப்பது கடினம் என்பதால் குடிபோகும் தேதி தெரிந்த உடனே பதிந்துவையுங்கள்.

படிவத்தில் மதம் என்றொரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கம் அல்லது எவாங்கெலிஷ், அதாவது புராட்டஸ்டன்ட், என்று எழுதினால் தேவாலய வரி தொடங்கும். பவேரியாவில் அது வருமான வரியின்மேல் 8 சதவீதம். கிறிஸ்தவத் தம்பதிகள் இதைத் தெரிந்துகொண்டே நிரப்ப வேண்டும், பிறகு விலகுவது தனி நடைமுறை.

பதிந்த சில வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது நிறுவனத்திடம் போய்ச் சேராவிட்டால், வரி வகுப்புகளிலேயே அதிகம் பிடிக்கும் ஆறாம் வகுப்பில் வரி பிடிப்பார்கள், முதல் சம்பளத்தைப் பார்த்து நெஞ்சு அடைக்கும். பணம் தொலையவில்லை, எண் சேர்ந்ததும் சரிசெய்யப்படும். தம்பதிகள் இருவரையும் வழக்கமாக நான்காம் வகுப்பில் வைப்பார்கள். ஒருவர் மட்டும் சம்பாதித்தால் அவருக்கு மூன்று, துணைக்கு ஐந்து என்று கேட்டு விண்ணப்பியுங்கள், கையில் வரும் சம்பளம் கூடும். ஆனால் அப்போது ஆண்டுக் கணக்குத் தாக்கல் கட்டாயமாகிறது. இருவரும் வேலைக்குப் போகத் தொடங்கி, குழந்தை பற்றியும் யோசிக்கிறீர்கள் என்றால் மறுபடி கணக்குப் போடுங்கள்: குழந்தைப் பேறுகால உதவித்தொகை முந்தைய நிகரச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும், ஐந்தாம் வகுப்பில் இருந்தவருக்கு அது குறைந்துபோகும்.

வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். டிவி இல்லை என்பது பதிலாகாது. ஆனால் அது வீட்டுக்கு ஒன்றுதான். இருவருக்கும் தனித்தனிக் கடிதம் வந்தால் ஒருவர் எண்ணைக் காட்டி மற்றதை நிறுத்துங்கள்.

காப்பீடு, மருத்துவர்

சம்பளம் அதிகம் உள்ளவர்களைத் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்கு இழுக்க ஆள் வருவார்கள். இளம் வயதில் அது மலிவாகத் தெரியும். அங்கே மனைவிக்குத் தனிப் பிரீமியம், குழந்தைக்குத் தனிப் பிரீமியம், பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவதும் கடினம். பொதுக் காப்பீட்டில் வருமானமில்லாத துணை கூடுதல் கட்டணமின்றிச் சேர்ந்துகொள்ளலாம். புதிய தம்பதிக்குப் பொதுக் காப்பீடுதான் சரி என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

காய்ச்சல் வரும்வரை காத்திராமல் வீட்டருகே ஒரு ஹவுஸார்ட்ஸ்ட்டை, அதாவது குடும்ப மருத்துவரைப் பிடித்துவையுங்கள். புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்று சிலர் சொல்வார்கள், அடுத்தவரைக் கேளுங்கள். இரவிலும் விடுமுறையிலும் உயிருக்கு ஆபத்தில்லாத தொல்லைக்கு 116117, ஆபத்துக்கு 112. பாராசிட்டமால்கூடச் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, மருந்துக்கடையில்தான். ஞாயிறன்று முறைவைத்து ஒரு கடை திறந்திருக்கும்.

ஹாஃப்ட்ஃப்ளிக்ட் எனும் பொறுப்புக் காப்பீடு, அதாவது பிறருக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு, கட்டாயமில்லை, ஆனாலும் எடுங்கள். கட்டடத்தின் பொதுச் சாவி தொலைந்தால் எல்லாக் கதவின் பூட்டையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். எடுக்கும்போது சாவி இழப்பும் அதில் அடங்குமா என்று பாருங்கள். இங்குள்ள கதவுகளுக்கு வெளியே திருகும் கைப்பிடி இல்லை, சாத்தினால் பூட்டிக்கொள்ளும். குப்பை கொட்டப் போனவர் சாவியில்லாமல் வெளியே நிற்பது அன்றாடக் கதை. மாற்றுச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். பூட்டுத் திறப்பவரை அழைக்க நேர்ந்தால் மொத்தத் தொகையைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்பும் ஜன்னலும்

ஊர் மிக்ஸி இங்கே ஓடும், இரு நாட்டிலும் 230 வோல்ட். பிரச்சினை பிளக்கில். இந்தியாவின் மூன்று முள் பிளக் இங்குள்ள குழியில் நுழையாது. விமான நிலையத்தில் விற்கும் லேசான அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இருக்காது, 750 வாட் மிக்ஸியில் சூடேறும். எர்த் உள்ள, 16 ஆம்பியர் தாங்கும் அடாப்டர் வாங்குங்கள்.

பாத்திரம் கட்டும் முன் வீட்டில் எந்த அடுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும், அலுமினியக் குக்கர் வேலை செய்யாது. சாதாரணக் கண்ணாடி அடுப்பு என்றால் அடி தட்டையாக இருந்தால் போதும், உருண்டை அடிக் கடாய்தான் சரிப்படாது. வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைத் தூக்கி வையுங்கள், இழுத்தால் கண்ணாடி கீறும்.

குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காது. ஹீட்டர் பக்கத்தில் வைத்தாலும் பல கட்டடங்களில் இரவில் சூட்டைக் குறைத்துவிடுவார்கள். ஓவனைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை வைத்துக் கதவை மூடுங்கள். 12 முதல் 16 மணி நேரத்தில் எழும்பிவிடும். இட்லி அரிசி, உளுந்து, கறிவேப்பிலைக்கு ரயில் நிலையத்தின் தெற்குப் பக்கத் தெருக்களில் உள்ள ஆசியக் கடைகளைப் பாருங்கள். கடைகள் பொதுவாக இரவு 8 மணிக்கு மூடிவிடும், ஞாயிறு முழு விடுமுறை. மியூனிக் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலில் வெள்ளைப் படிவம் கண்டால் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊறவைத்துக் கழுவுங்கள்.

தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துங்கள். வரமிளகாய்ப் புகை நடைவழிப் புகையுணர்வானை அலற வைக்கும். அடுப்புக்கு மேலிருக்கும் விசிறி பல வீடுகளில் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி உள்ளேயே விடும். ஜன்னல்தான் வழி. ஜன்னலில்தான் வருபவர்கள் அதிகம் தவறுகிறார்கள். குளிருக்குப் பயந்து மூடியே வைப்பார்கள், அல்லது மேல்பக்கம் லேசாகச் சாய்த்து நாள் முழுக்க விடுவார்கள். சாய்த்து விட்டால் ஜன்னலைச் சுற்றிய சுவர் குளிர்ந்துபோகும். இட்லி ஆவியும் அறைக்குள் காயும் துணியின் ஈரமும் அதில் படிந்து கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். வீட்டைக் காலி செய்யும்போது அது அட்வான்ஸில் கழியலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஹீட்டரை அணைத்துவிட்டு எல்லா ஜன்னலையும் 5 முதல் 10 நிமிடம் விரியத் திறந்து மூடுங்கள். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் இடம் விடுங்கள். ஹீட்டர் குமிழை 3இல் வைத்தால் அறை சுமார் 20 டிகிரியில் நிற்கும்.

இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுதும் அமைதி நேரம். கிரைண்டர் போடச் சனிக்கிழமை பகல் நல்லது, அடியில் மடித்த துண்டு வையுங்கள். ஞாயிறன்று சுவரில் துளையிடவே கூடாது, கண்ணாடிப் பாட்டிலைத் தெருத்தொட்டியில் போடவும் கூடாது. தண்ணீர், ஜூஸ் பாட்டில்களுக்கு முன்பணம் உண்டு: ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டிலுக்கு 25 சென்ட். நசுக்காமல் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

உடன் வந்தவர்

ப்ளூ கார்டு என்ற, உயர்தகுதி வேலைக்கான வசிப்பு அனுமதி வைத்திருப்பவரின் துணைக்கு முதல் நாளிலிருந்தே வேலை செய்யும் அனுமதி உண்டு. அது தெரியாமல் ஓராண்டை வீட்டுக்குள் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் மாதத்திலேயே நகராட்சியின் மக்கள் கல்லூரியான ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலேயில் ஜெர்மன் வகுப்புக்குப் பதியுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பும். அவர் பெயரிலும் வங்கிக் கணக்கு இருக்கட்டும், வாடகை ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து இருக்கட்டும். வேலைக்கு வந்தவரும் மொழியைத் தள்ளிப்போடக் கூடாது: ஜெர்மனில் பி1 எனும் இடைநிலைத் தேர்ச்சி இருந்தால் ப்ளூ கார்டுக்காரருக்கு 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு வழி, ஏ1 எனும் தொடக்கநிலை மட்டுமென்றால் 27 மாதம்.

இந்திய ஓட்டுநர் உரிமம் ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேற வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் இல்லை. அதுவரை டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற மாதப் பயணச்சீட்டு போதும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. நாடு முழுதும் நகரப் பேருந்து, ரயில், வட்டார ரயில் எதிலும் ஏறலாம், அதிவேக ரயில்களில் ஏற முடியாது. நிறுவனம் பங்கு தருகிறதா என்று கேளுங்கள். நிறுத்த விரும்பினால் மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. இருவர் ஒரே டிக்கெட்டை மாறி மாறிப் பயன்படுத்த முடியாது.

ஜெர்மனியின் மேற்கேயுள்ள ஹம் நகரில் ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலுக்கும் அதே டிக்கெட்டில் போய்வரலாம். வட்டார ரயிலில் போக ஒரு பகல் முழுதும் ஆகும், அதனால் இரவு தங்க அங்கே அறை பிடித்துவிட்டுக் கிளம்புங்கள்.