தரிசாய்க் கிடக்கும் பூர்வீக நிலத்துக்கு முதல் பயிர் சணப்பு

பத்துப் பதினைந்து ஆண்டு உழவு காணாத குடும்ப நிலத்தை இயற்கை வழியில் மீட்க நினைப்பவர்கள், முதல் பட்டத்திலேயே விற்பனைப் பயிரைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். மண்ணில் மக்கிய தழைச்சத்தான பொருள் எதுவும் இல்லை, களை விதை மட்டும் குவிந்து கிடக்கிறது. அந்த நிலைமையில் எதை விதைத்தாலும் கூலிக்குக் கூடத் தேறாது. வளர்ந்த செடியை அப்படியே மண்ணுக்குள் மடக்கி உழும் பசுந்தாள் உரப்பயிரைப் போட்டு, முதல் பட்டத்தை மண்ணுக்கே கொடுத்துவிடுங்கள். அதற்குச் சணப்பை விடக் குறைந்த செலவில் வேறு நல்ல வழி இல்லை.

ஆங்கிலத்தில் ‘சன் ஹெம்ப்’ என்ற பெயரைக் கேட்டு இதைக் கஞ்சாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சணப்பு அவரை, துவரை போலப் பயறு குடும்பத்துச் செடி. மஞ்சள் பூப்பூக்கும், வேர்முடிச்சில் காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜனை) சேர்க்கும், தண்டில் கயிறு திரிக்க நல்ல நார் இருக்கும். பயிரிட யாருடைய உரிமமும் தேவையில்லை.

நிலத்தில் இறங்குவதற்கு முன் காகித வேலையை முடியுங்கள். பட்டா தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் பங்காளிகளோடு பேசி, அளவையரை வைத்து எல்லைக் கல்லை உறுதி செய்யுங்கள். விதைத்த பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கில் பயிரைப் பதியச் செய்யுங்கள். பல ஆண்டாகத் தரிசு என்றே எழுதப்பட்டிருந்தால் மானியம், பயிர்க்காப்பீடு எல்லாவற்றிலும் சிக்கல் வரும்.

சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை விட்டால் அடுத்த மழையில் நாலு கிளையாகத் தழைக்கும். ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்க வேண்டும். மண்ணில் கிடக்கும் அதன் விதைகள் சில ஆண்டுகளுக்கு முளைத்துக்கொண்டே இருக்கும். ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போதே, ஈரம் காயுமுன் கையால் பிடுங்கினால் எளிது. கோரை மண்டிய நிலத்தில் எடுத்த எடுப்பில் ரோட்டவேட்டர் ஓட்டாதீர்கள். கிழங்கை இழுத்துக்கொண்டுபோய் வயல் முழுக்கப் பரப்பிவிடும். சித்திரை வெயிலில் சட்டிக் கலப்பையால் ஆழ உழுது, கிழங்கு மேலே வந்து காயும்படி இரண்டு மூன்று வாரம் விடுங்கள்.

உழவுக்கு முன்பே மண் மாதிரி எடுத்துவிடுங்கள். ஏக்கருக்குப் பத்து இடத்தில் ஆங்கில வி வடிவில் 15 செ.மீ ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோ போதும். வரப்போரம், மரத்தடி, எருக்குழி அருகே எடுக்கக் கூடாது. பரிசோதனை முடிவில் களர் (சோடிய உப்பு மிகுந்த மண்) என்று வந்தாலோ, மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளமாக இருந்தாலோ சணப்பு அங்கே ஆகாது. அதற்கு நீர் தேங்கினால் இலை மஞ்சளாகிச் செடி சாகும். அங்கே இன்னொரு பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ போடுங்கள். ஆடு மாடு புகுந்து மேயும் வறண்ட மேட்டுக்குக் கொழிஞ்சி நல்லது, கால்நடை அதைத் தொடாது. ஆனால் அதன் விதைத்தோல் கடினம். மணலோடு சேர்த்துத் தேய்த்த பிறகுதான் விதைக்க வேண்டும்.

மானாவாரியில் ஆடி, ஆவணியில் ஈரம் கிடைத்ததும் சணப்பை விதைத்தால் புரட்டாசியில் மடக்கி உழுது, ஐப்பசி மழைக்கு நிலம் தயாராகிவிடும். கிணறு உள்ளவர்கள் கோடை மழையிலேயே தொடங்கலாம். பரிந்துரைக்கப்படும் விதையளவு ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ. களை மண்டிக்கிடந்த தரிசுக்கு 20 கிலோ வரை போவது நல்லது. நெருக்கமாக வளர்ந்தால் தண்டு மெல்லியதாக இருக்கும், நிழல் சீக்கிரம் மூடிக் களையை அமுக்கும். இடைவெளி விட்டுக் கலக்க விதைத்தால் தண்டு தடித்துக் கட்டையாகி, உழும்போது தொல்லை தரும். வாங்கிய விதையில் நூறு எடுத்து ஈரச்சாக்கில் கட்டி வையுங்கள். எண்பதுக்குக் குறைவாக முளைத்தால் அளவைக் கூட்டுங்கள்.

ஆறிய அரிசிக் கஞ்சியில், வேர்முடிச்சு கட்டும் நுண்ணுயிர் உரமான ரைசோபியம் ஒரு பொட்டலம், 200 கிராம், கரைத்து விதையில் பிசறி அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். பயறு வகையே பல ஆண்டாக விளையாத மண்ணில் வேர்முடிச்சு கட்ட இது உதவும். வீசி விதைத்து, 2, 3 செ.மீ மண் மூடும்படி லேசாக ஓர் உழவு ஓட்டுங்கள். மேலே கிடக்கும் விதையைப் புறாவும் மயிலும் பொறுக்கிவிடும். முப்பதாம் நாள் நாலைந்து செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் தழைச்சத்து சேரவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது மடக்கி உழும் நாள். பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். செடி ஆளுயரம் வளரட்டும், இன்னும் தழை சேரட்டும் என்று காத்திருந்தால் நார் முற்றிவிடும். முற்றிய நார் ரோட்டவேட்டர் தண்டில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். அரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி அரிவாளால் அறுக்க வேண்டி வரும், வாடகை இரட்டிப்பாகும். அதைவிடப் பெரிய கேடு, முற்றிய தண்டை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தையே பிடித்துக்கொள்வதால் அடுத்த பயிர் மஞ்சளடித்து நிற்பது.

நாற்பதாம் நாளிலிருந்து வயலைப் பாருங்கள். அங்கங்கே மொட்டு தெரியும் 45 முதல் 50 நாள் சரியான பருவம். நடுத்தண்டை வளைத்துப் பாருங்கள். பட்டென்று ஒடிந்தால் உழலாம். ஒடியாமல் தோல் நீள நாராக உரிந்தால் பருவம் தாண்டிவிட்டது. அப்போது வம்படியாக உழாமல், அடியோடு அறுத்துத் தென்னை, வாழைக்கு மண்ணை மூடும் மூடாக்காகப் போட்டுவிட்டு, மிஞ்சிய அடித்தாளை மட்டும் உழுங்கள்.

பருவத்தில் மடக்கினால் ஏக்கருக்கு ஐந்து, ஆறு டன் பசுந்தழை சேரும். அதில் உள்ள தழைச்சத்து ஒரு மூட்டை யூரியாவில் இருப்பதை விடச் சற்று அதிகம், ஆனால் மெல்ல மெல்லத்தான் கிடைக்கும். உழும்போது மண்ணில் ஈரம் கட்டாயம் வேண்டும். காய்ந்த மண்ணில் மடக்கினால் தழை வைக்கோல் போலக் கிடக்கும், கரையான் ஏறும். பாசனம் உள்ளவர்கள் உழுததும் தண்ணீரோடு ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து புளிக்கவைத்த கரைசல்) விடுங்கள். நெல் நடுவதென்றால் பத்து நாள், புஞ்சைப் பயிருக்குப் பதினைந்து நாள் கழித்து விதையுங்கள். தழை அழுகும் சூட்டில் அவசரப்பட்டு விதைத்தால் முளைப்பு கருகும். அடுத்த பயிராகக் கம்பு, சோளம், நெல் வைத்தால் சேர்ந்த சத்து வீணாகாது.

விதைக்கு ஓரமாகப் பத்து சென்ட் விட்டு வையுங்கள், அடுத்த ஆண்டு ஒரு ஏக்கருக்குக் கிடைக்கும். 30 செ.மீக்கு 10 செ.மீ இடைவெளி வேண்டும். இந்தப் பூவில் காய் பிடிக்கப் பெரிய கருந்தேனீ வர வேண்டும், அது காய்ந்த மரத்தில் துளையிட்டு வாழ்வது. வரப்பில் பட்டுப்போன மரம் ஒன்றிரண்டை வெட்டாமல் விட்டால் காய்ப்பில் வித்தியாசம் தெரியும். காயைத் துளைக்கும் கம்பளிப்புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள்: 5 கிலோ பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து மாலையில். காய் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்கும்போது அறுக்கலாம். விதை கால்நடைக்கு நஞ்சு, காய்த்த செடியைத் தீவனமாகப் போடாதீர்கள்.

ஒரே வயலில் ஆண்டுதோறும் சணப்பையே போட்டால் வாடல் நோய் மண்ணில் தங்கிவிடும். இரண்டாம் ஆண்டில் தக்கைப்பூண்டுக்கோ, சிறுதானியம், பயறு, எண்ணெய்வித்து எல்லாம் கலந்த பலதானிய விதைப்புக்கோ மாறுங்கள். சான்று வாங்கி விற்கும் எண்ணம் இருந்தால் முதல் உழவின்போதே தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவு செய்துவிடுங்கள். இயற்கை முறைக்கு மாறியதாகச் சான்று பெறக் காத்திருக்கும் மாற்றுக் காலம் ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு, மரப்பயிர்களுக்கு மூன்று. எந்த நாளில் என்ன விதைத்தீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்ற குறிப்பேடும் விதை வாங்கிய ரசீதும் அங்கே கேட்பார்கள். சணப்பு விதை ரசீதையே அந்தக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள்.