பாட்டுப் படப்புத்தகத்தைக் குழந்தையோடு படிப்பது எப்படி?

வாங்கும் முன் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், தொடையில் தாளம் தட்டியபடி. அடிக்கு மூன்று நான்கு சீர் (தாளத் துண்டு), பக்கத்துக்கு இரண்டு அடி, மிஞ்சினால் நான்கு. மூன்று வயது வரை இது போதும். தாளத்துக்குள் அடக்க எழுத்தை விழுங்கவேண்டி வந்தால் அந்தப் புத்தகம் வேண்டாம். மொழிபெயர்ப்புகளில் இந்தக் கோளாறு அடிக்கடி தட்டுப்படும். மூலத்தில் பாட்டாக இருந்தது இங்கே வெறும் வாக்கியமாகிக் கிடக்கும். இரண்டு வயதுக்குள் என்றால் கெட்டி அட்டைப் பக்கம்தான். புத்தகம் வாய்க்குள் போகும், போகட்டும்.

குழந்தையை மடியில் வைத்து, பக்கத்தைப் புரட்டும் வேலையை அதனிடமே விடுங்கள். முதல் இரண்டு நாள் எங்கும் நிறுத்தாமல், கேள்வி கேட்காமல், முழுதாகப் படியுங்கள். நடுவில் "இது என்ன நிறம்?" என்று கேட்டால் தாளம் அறுந்துபோகும். பேச்செல்லாம் புத்தகத்தை மூடிய பிறகு.

மூன்றாம் நாளிலிருந்து ஒரு சொல்லைக் குழந்தைக்கு விட்டுக்கொடுக்கலாம். எந்தச் சொல்லை என்பதில்தான் சூட்சுமம். இதைப் பாருங்கள்:

பட்டம் ஒண்ணு பறக்குது
வட்டம் போட்டு இறங்குது

அடிகளின் முடிவில் ஒன்றும் கடைசி 'குது' இயைபு. அங்கே நிறுத்தினால் குழந்தை சும்மா எதிரொலிக்கும். பட்டம், வட்டம் இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'ட்': இது எதுகை. ஆங்கிலப் பாட்டில் ஓசை பெரும்பாலும் அடியின் முடிவில் ஒன்றும். தமிழில் அடியின் தலையிலும் ஒன்றும். அதனால் முதல் அடி முடிந்ததும் படத்தில் பட்டம் சுற்றும் இடத்தை விரலால் வட்டமிட்டுக் காட்டி, 'வ...' என்று மட்டும் தொடங்கி நிறுத்துங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். 'வட்டம்' என்று வந்தால் அப்படியே அடுத்த சொல்லுக்குப் போங்கள். வராவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள். "சொல்லு, சொல்லு" என்று நெருக்கினால் பாட்டு பரீட்சையாகிவிடும். மறுநாள் குழந்தை புத்தகத்தைத் தள்ளிவிடும்.

புரியாத சொல்லை மாற்றிப் படிக்கலாமா? கூடாது. உங்கள் வீட்டில் பட்டத்துக்குக் 'காத்தாடி' என்றே பேச்சு இருக்கலாம். ஆனால் 'காத்தாடி ஒண்ணு பறக்குது' என்று படித்தால் எதுகையும் போகும், தாளமும் ஒரு சீரில் வீங்கும். படிக்கத் தொடங்கும் முன் படத்தைத் தொட்டு, "நம்ம காத்தாடிதான், இதுக்குப் பட்டம்னும் பேரு" என்று ஒரு தடவை சொன்னால் போதும். குழந்தைக்கு இரண்டு சொல் கிடைக்கும்.

ராகம் போடுகிறோம் என்று குறிலை நெடிலாக இழுக்காதீர்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. 'படம்' இழுபட்டால் 'பாடம்' ஆகிவிடும். 'கல்' 'கால்' ஆகிவிடும். அந்த வேறுபாட்டைக் காது பிடிக்கும் வயது இதுதான். இழுக்க ஆசையாக இருந்தால் நெடிலில் இழுங்கள்.

இரண்டடிகளின் நடுவே பக்கம் திரும்ப வேண்டியிருந்தால், முதல் அடியைச் சொல்லும்போதே தாளின் ஓரத்தைத் தூக்கி, குழந்தையின் விரலைத் தாளுக்குக் கீழே நுழைத்து வைத்துவிடுங்கள். ஒரே புத்தகத்தை இருபதாம் தடவை கேட்டாலும் அதையே எடுங்கள். ஒருநாள் அது புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து, பக்கம் தவறாமல் தானே "படிக்கும்". அப்போது நேராகத் திருப்பிக் கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள்.