'மறதி நோய்க்கு மருந்து ரெடி' என்ற செய்தியைப் படிப்பது எப்படி

அல்சைமருக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக அடிக்கடி ஒரு செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. வீட்டில் மறதியோடு ஒரு பெரியவர் இருந்தால் அதைப் படிக்காமல் கடக்க முடியாது. அதை எடைபோட மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. மூல ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் நாலைந்து எண்களைத் தேடிப் பிடித்தால் போதும்.

முதலில், யாரிடம் சோதித்தார்கள்? 'எலிகளில்' என்ற சொல் பல சமயம் செய்தியின் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். எலிக்கு அல்சைமர் தானாக வருவதில்லை. மனித மரபணுவை நுழைத்து, மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியும்படி உருவாக்கிய எலி அது. நாமே வைத்த படிவை நாமே எடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். எலி என்று தெரிந்ததும் செய்தியை மூடிவிடலாம்.

மனிதர்கள் என்றால், சும்மா கவனித்தார்களா, குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்களா என்று பாருங்கள். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களுக்கு மறதி நோய் குறைவு என்று கவனிப்பு ஆய்வுகள் ஒரு காலத்தில் சொல்லின. அப்படி மாத்திரை எடுத்தவர்கள் பெரும்பாலும் படிப்பும் வசதியும் உள்ளவர்கள். 65 வயதைக் கடந்த 4,532 பெண்களைக் குலுக்கிப் பிரித்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2003-இல் வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்த குழுவில் 40 பேருக்கு மறதி நோய், மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக் குழுவில் 21 பேருக்கு. நினைவாற்றலுக்கென்று விற்கப்படும் கிங்கோ மர இலைச்சாறும் இதே வழியில்தான் போனது. 3,069 முதியவர்கள், தினம் இருவேளை 120 மில்லிகிராம், சுமார் ஆறு ஆண்டுகள். 2008-இல் வந்த முடிவு, பயனில்லை. வல்லாரை மாத்திரை விளம்பரத்தைப் பார்த்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். துவையலுக்கு அந்தக் கேள்வி வேண்டாம்; அது ருசிக்காகச் சாப்பிடுவது.

அடுத்தது சதவீதம். எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது என்பதால் நிதானமாகப் பார்ப்போம்.

லெக்கனமேப் என்ற மருந்து 'நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது' என்று செய்தி வந்தது. 1,795 பேர், 18 மாதங்கள், முறையான குலுக்கல் சோதனை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 27 எதில் 27? அளந்த கோலுக்கு சி.டி.ஆர். என்று பெயர். நினைவு, நாள்-இடம் பற்றிய தெளிவு, முடிவெடுத்தல், வெளி வேலை, வீட்டு வேலை, சுய பராமரிப்பு என்று ஆறு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 18. மதிப்பெண் ஏற ஏற நோய் முற்றுகிறது என்று பொருள். சோதனை தொடங்கும்போது சராசரி 3.2 அளவில் இருந்தது. 18 மாதம் கழித்து வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 1.66 ஏறியது, லெக்கனமேப் பெற்றவர்களுக்கு 1.21 ஏறியது. வித்தியாசம் 0.45. அதை 1.66-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 27.

கவனியுங்கள், மருந்து பெற்றவர்களும் சராசரியாக மோசமாகத்தான் ஆனார்கள், கொஞ்சம் மெதுவாக. பழைய நினைவைத் திருப்பிக் கொடுக்கும் மருந்து அல்ல இது. 0.45 எவ்வளவு என்பதை அடுப்படியில் வைத்துப் பார்க்கலாம். வத்தக்குழம்பு வைக்கும்போது புளியா உப்பா என்று தடுமாறினாலும் எப்படியோ ஒப்பேற்றுகிறவருக்கு வீட்டு வேலைப் பெட்டியில் 0.5. குழம்பையே விட்டுவிட்டு சாதம் மட்டும் வடிக்கிற நிலைக்கு வந்துவிட்டால் 1. ஒரே பெட்டியில் இந்த அரைப்படி இறங்கினால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அதுதான் ஒன்றரை ஆண்டுச் சராசரி வித்தியாசம். குடும்பத்தார் கண்ணில் படும் மாற்றத்துக்கு ஒன்று முதல் இரண்டு புள்ளியாவது வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஆரம்ப நிலையில் சில மாதம் கூடுதலாகக் கிடைத்தாலே லாபம் என்பவர்களும் உண்டு. இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே சதவீதத்தைப் பார்த்ததும் இரண்டு குழுக்களின் மூல எண்களையும் கோலின் மொத்த அளவையும் தேடுங்கள். அவை இல்லாத செய்தியை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

ஸ்கேனில் அமிலாய்டு கரைந்தது என்பதை மட்டும் வெற்றியாகச் சொன்னாலும் உஷார். வெருபெசெஸ்டாட் என்ற மாத்திரை முதுகுத் தண்டு நீரில் அமிலாய்டைப் பாதிக்கு மேல் குறைத்தது. ஆரம்ப நிலையினரிடம் நடந்த சோதனை 2018-இல் நிறுத்தப்பட்டது. நினைவாற்றலின் சில அளவீடுகளில் மாத்திரை எடுத்தவர்களே பின்தங்கியிருந்தார்கள்.

பக்கவிளைவு அட்டவணையைத் தாண்டிப் போகாதீர்கள். லெக்கனமேப் பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. வெற்று மருந்தில் 1.7. பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை, சிலருக்கு ஆபத்தானது. அபோ-ஈ4 மரபணுவின் இரண்டு பிரதியும் உள்ளவர்களுக்கு வீக்கம் 32.6 சதவீதம், ஒன்றும் இல்லாதவர்களுக்கு 5.4. அதனால்தான் இந்த மருந்தைத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசுகிறார்கள்.

ரத்தப் பரிசோதனைச் செய்திகளுக்குக் கணக்கு வேறு. '90 சதவீதம் துல்லியம்' என்றால், நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கிறது, இல்லாத 100 பேரில் 10 பேரைத் தவறாக மாட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறதிக்கென்றே சிறப்பு மருத்துவரிடம் வந்த 1,000 பேரில் 500 பேருக்கு நோய் இருந்தால், 'உண்டு' என்று வரும் 500 முடிவுகளில் 450 சரி. அதே பரிசோதனையைத் தெருமுனை முகாமில் 1,000 பேருக்குச் செய்து, அவர்களில் 100 பேருக்குத்தான் நோய் என்றால், 90 சரி, 90 தவறு. பாதிப்பேர் வீணாகத் தூக்கம் கெட்டுத் திரிவார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 2025 மே மாதத்தில் அல்சைமருக்கான முதலாவது ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தபோதும், அறிகுறியோடு சிறப்பு மருத்துவத்துக்கு வந்த 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றுதான் வரம்பு வைத்தது. பெற்றோருக்கு 'எதற்கும் ஒரு டெஸ்ட்' என்று எடுக்கிற பழக்கம் இங்கே உதவாது.

இன்னொன்று, சோதனை தொடங்கியபோது எதை அளப்பதாகச் சொன்னார்கள், முடிவில் எதைக் காட்டுகிறார்கள் என்று ஒப்பிடுங்கள். இந்தியாவில் நடக்கும் சோதனைகள் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்கும், லெக்கனமேப் சோதனை அமெரிக்கப் பதிவேட்டில் என்.சி.டி. 03887455 என்ற எண்ணில் இருக்கிறது. முதன்மை அளவீடு என்ற வரியைப் படியுங்கள். அது தோற்றுப்போய், துணைப் பிரிவு ஒன்றில் மட்டும் வெற்றி என்றால் இன்னொரு சோதனைக்குக் காத்திருப்பதே சரி.

இத்தனையும் தேறி, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு லெக்கனமேப் கேட்கலாமா என்று டாக்டரிடம் போகிறீர்களா? கையில் சில விவரங்கள் வேண்டும். நோய் ஆரம்ப நிலையில்தானா? முற்றியவர்களிடம் இது சோதிக்கப்படவே இல்லை. அமிலாய்டு இருப்பது பெட் ஸ்கேனிலோ முதுகுத் தண்டு நீரிலோ உறுதியானதா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா? எடுத்தால் மூளையில் ரத்தக் கசிவு பெரிதாகும் அபாயம் உண்டு, அந்தச் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள். அளவு, எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 600 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தநாளம் வழியாக. தொடங்குமுன் ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு 3, 5, 7, 14-ஆவது ஊசிகளுக்கு முன் ஒவ்வொன்று. நடுவில் புதிதாகத் தலைவலி, குழப்பம், பார்வை மங்கல் வந்தால் அடுத்த தேதிவரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய், இந்த ஊசி போடுகிறோம் என்பதை அவசரப் பிரிவில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பக்கவாதம் என்று நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அவர்கள் கையில் எடுக்குமுன் அது தெரிந்திருக்க வேண்டும்.