இரண்டாவது பிரைமரி டிஎன்எஸ் சர்வர் எப்போது தேவை?

சென்னை ராஜாஜி சாலையில் தலைமை அலுவலகமும் மணலியில் கண்டெய்னர் கிடங்கும் உள்ள ஒரு சரக்கு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வழியில் எங்கோ பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் கிடங்கின் கணினிகளால், பெயர்களுக்குரிய முகவரிகளைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரை எட்ட முடியாமல் போகும் என்று அஞ்சியே பலர் அங்கும் ஒரு பிரைமரி (பதிவுகளை நேரடியாக எழுதத்தக்க சர்வர்) வேண்டும் என்கிறார்கள். அதற்கு, பிரைமரியிலிருந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும் செகண்டரியே போதும். ஸோனின் (பெயர்ப் பதிவுகளின் தொகுப்பின்) முழுப் பிரதியை வைத்திருக்கும் அது, ஸோனின் அமைப்பு விவரங்களைக் கொண்ட எஸ்ஓஏ பதிவில் எக்ஸ்பயர் என்று குறித்த காலம் முடியும்வரை, பிரைமரியை எட்ட முடியாவிட்டாலும் பதிலளித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தை இரண்டு வாரத்துக்குக் குறையாமல் வைப்பது நல்லது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இணைப்பு அறுந்திருக்கும்போதும் மணலியிலிருந்து ஸோனில் எழுத வேண்டுமா? டிஹெச்சிபி (முகவரிகளைத் தானாக வழங்கும் சேவை) வழியாகக் கருவிகள் தம் பெயர்களைத் தாமே பதிந்துகொள்ளும் இடத்தில் விடை பெரும்பாலும் 'ஆம்' என்றே வரும்.

விண்டோஸ் வலையமைப்பில், பயனர், கணினி விவரங்களை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி என்ற தரவுத்தளத்துக்குள் ஸோனை வைத்தால், அதைத் தாங்கும் சர்வர்களான டொமைன் கண்ட்ரோலர்களில் டிஎன்எஸ் ஓடும் ஒவ்வொன்றும் (படிக்க மட்டுமேயானவை நீங்கலாக) எழுதத்தக்க பிரைமரி ஆகிவிடும். ஆனால் இரு இடங்களையும் தனித்தனி சைட்டுகளாக வரையறுத்திருந்தால், மாற்றங்கள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேர இயல்பு அமைப்பில் 180 நிமிடங்கள் வரை ஆகலாம். அதை 15 நிமிடங்களாகக் குறைக்கலாம். அந்த இடைவெளியில் இரு இடங்களிலும் ஒரே பெயருக்கு ஆளுக்கொரு முகவரியைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகச் சேராது. ஒரு பெயருக்குரிய பதிவுகள் அனைத்தும் ஒரே பண்பாக, அதாவது ஒரே தொகுதியாகப் பிரதியெடுக்கப்படுவதால், ஒன்று நிலைக்கும், மற்றது சத்தமில்லாமல் மறையும்.

பைண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் மென்பொருளில், பல பிரைமரிகளை வைக்கும் இந்த வசதி இல்லை. ஸோன் கோப்பை இரு சர்வர்களிலும் கையால் திருத்தி இரண்டையும் பிரைமரி என்று அறிவிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. எஸ்ஓஏ பதிவில் ஸோனின் பதிப்பைக் காட்டும் சீரியல் எண் ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் இருந்தால் செகண்டரிகள் அந்த வேறுபாட்டை அறியவே மாட்டா. இரு சர்வர்களிடமும் டிஎன்எஸ் சர்வரிடம் வினவும் டிக் (dig) கட்டளையால் எஸ்ஓஏ கேட்டு எண்களை ஒப்பிட்டாலும் பிழை வெளிப்படாது. (ஆக்டிவ் டைரக்டரியிலோ எண்கள் சர்வருக்குச் சர்வர் வேறுபடுவது இயல்பே.)

பைண்டை விடாமல் மணலியில் எழுதவும் வேண்டுமென்றால், கிடங்கின் பெயர்களைத் தனி உப ஸோனாகப் பிரித்து, அதற்கு மணலி சர்வரைப் பிரைமரியாகவும் தலைமை அலுவலக சர்வரைச் செகண்டரியாகவும் வையுங்கள். தாய் ஸோனுக்கு இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கிடங்கின் கணினிகள் முதலில் கேட்கும் டிஎன்எஸ் முகவரி மணலி சர்வருடையதாக இருக்கிறதா என்பதையும் டிஹெச்சிபி அமைப்பில் பார்த்துவிடுங்கள்.